பேச்சு வருகிற பெட்டி

எனக்குப் பைத்தியம் பிடித்தது ஐம்பத்தொன்றாவது வயதில். சுபாங் ஜெயாவில் ஒரு கடைவீட்டு மாடியில், பட்டப்பகலில் பிடித்தது.

பிரிக்பீல்ட்ஸில் எனக்கு அலுவலகம், கிள்ளானில் வீடு. இரண்டுக்கும் நடுவில் தினமும் கொமியூட்டர் ரயில். அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டி சுபாங் ஜெயாவில் நின்றது, நின்றபடியே இருந்தது. எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. சரி, ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரலாம் என்று இறங்கி நடந்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடத்தில் ஒரு மாடிப்படி இருந்தது. மேலே ஸ்பீக்கர் படம் போட்ட பலகை. ஏறிவிட்டேன்.

கடைக்காரர் சீனர், என் வயதுதான், காலில் ரப்பர் செருப்பு. வாங்க வந்தவனா ஒதுங்க வந்தவனா என்று கேட்காமல் ஒரு இருட்டறைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தார். ஏதோ ஒரு படத்தில் மழைக் காட்சியைப் போட்டார். நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். தோளைக்கூடத் துடைத்துக்கொண்டேன், அதை அவர் கவனித்துவிட்டார். அடுத்த காட்சியில் ஒரு பெண் இன்னொருத்தியின் காதில் ஏதோ ரகசியம் சொன்னாள். எனக்குத் தெரியாத மொழி. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, எண்ணிப் பார்க்கிற மாதிரி கேட்டது. அவள் உதடு பிரிகிற சத்தம்கூடக் கேட்டது.

எனக்கு அப்போது அம்மா ஞாபகம் வந்தது.

அம்மாவுக்கு எழுபத்து நான்கு. அப்பா ரயில்வேயில் இருந்தவர். பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் இருந்த காலத்தில் இரண்டு பேரும் ஒரு தமிழ்ப் படத்தையும் விட்டதில்லை. படம் வந்த முதல் வாரத்தில் பார்த்தாக வேண்டும், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் மற்ற பெண்கள் கதையைச் சொல்லிவிடுவார்கள். அப்பா போன பிறகும் அம்மா எங்களோடு வந்துகொண்டுதான் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் சங்கடம் ஆரம்பித்தது. காது கேட்காமல் போகவில்லை. குக்கர் விசில் கேட்கும், தெருமுனையில் ரொட்டிக்காரர் ஹார்ன் அடிப்பது எனக்கு முன்னால் அம்மாவுக்குக் கேட்கும். "சத்தம் கேக்குதுப்பா, சொல்லுதான் கேக்கல" என்பார். மாலில் இருக்கிற தியேட்டரில் கடைசியாகப் போன படத்தில், "அவன் என்ன சொன்னான்?" என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார். முன் வரிசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்மா தியேட்டருக்கு வரவே இல்லை. "நீங்க போங்க, எனக்கு முட்டி வலி." கோயில் படியை என்னைவிட வேகமாக ஏறுகிற முட்டி அது.

வீட்டில் டிவி பார்க்கும்போது இன்னும் மோசம். அம்மா திரையைப் பார்க்காமல் எங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நாங்கள் சிரித்தால் சிரிப்பார், அரை மூச்சு தாமதமாக. வெளியாள் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அந்த அரை மூச்சு என்னை என்னவோ செய்தது.

காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனார். பந்தியில் தட்டும் கரண்டியும் மண்டைக்குள்ளேயே விழுகிறது என்று கழற்றியவர், அதை அதன் பெட்டியில் வைத்து, பெட்டியை வந்த பிளாஸ்டிக் பையிலேயே போட்டு, அலமாரியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டார். "நல்ல விலை உள்ள சாமான். ஏதாச்சும் விசேஷம்னா போட்டுக்குறேன்." அதற்குப் பிறகு அம்மா கணக்கில் விசேஷமே வரவில்லை.

ஆகவே அந்த இருட்டறையில் நான் கடைக்காரரைக் கேட்டேன், பேச்சு மட்டும் இப்படித் தெளிவாக வருவதற்கு என்ன வாங்க வேண்டும் என்று. அவர் பாதி மலாய், பாதி ஆங்கிலத்தில் விளக்கினார். படத்தில் மனிதர்கள் பேசுவது கிட்டத்தட்ட முழுக்க நடுவில் வைக்கிற ஒரே ஒரு ஸ்பீக்கரில்தான் வருமாம். மழை, சண்டை, பாட்டு எல்லாவற்றையும் மற்ற ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளும். "பாஸ், சென்டர் ஸ்பீக்கர் பாலிங் பென்திங்" என்று என் முழங்காலைத் தட்டினார். அதுதான் ரொம்ப முக்கியம், மற்றதில் சிக்கனம் பார், இதில் பார்க்காதே என்று அர்த்தம். நான் மழை நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. ரயில் எப்போது போனதோ.

வீட்டில் சொன்னேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்காக என்றேன். "மாமிக்காகவா, உங்களுக்காகவா?" என்றாள். இரண்டு பேருக்கும்தான் என்று ஒப்புக்கொண்டேன். பொய் சொன்னால் மாட்டிக்கொள்வேன். "ஹால் ஹாலா இருக்கணும், கடை மாதிரி ஆகக்கூடாது" என்பதோடு விட்டாள்.

அடுத்த மாதம் முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ரயிலில் போகும்போது இதைப் பற்றிய வீடியோ பார்ப்பேன், வரும்போது ஹாலின் படம் வரைவேன். அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கில் என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த மேலாளர், அது என்ன வரைபடம் என்று கேட்டார். சோபா என்றேன். ஆறாம் வகுப்புப் பையனைப் போல எனக்கே சிரிப்பு வரும்.

முதல் சிக்கல் சுவர். ஸ்பீக்கர்களோடு வாங்கிய புது டிவியை மாட்டத் தோதான சுவர் ஒன்றுதான், அதன் நட்டநடுவில் திரு இருதய ஆண்டவர் படம். புது வீட்டை ஃபாதர் வந்து ஆசீர்வதித்த அன்று மாட்டியது. அடியில் ஒரு சிவப்பு பல்பு, இரவும் பகலும் எரியும். படத்தைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றலாமே என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

"அவர நகத்திட்டு டிவியவா வைக்கப் போற?" என்றார் அம்மா.

நகர்த்தவில்லை. டிவி அவருக்குக் கீழே இறங்கியது, டிவிக்குக் கீழே முழங்கால் உயரத்தில் ஒரு தாழ்வான அலமாரி, அலமாரியின் மேல் அந்த சென்டர் ஸ்பீக்கர். மற்ற ஸ்பீக்கர்கள் ஸ்டாண்டிலும் பின்சுவரிலும் உயரத்தில் போயின. சிவப்பு வெளிச்சம் படத்தைக் கெடுக்குமோ என்று சுபாங் ஜெயா கடைக்காரருக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். டிவிக்குப் பின்னால் சின்னதாக ஒரு விளக்கு எரிந்தால் கண்ணுக்கு நல்லது என்றார். இதை அம்மாவிடம் சொன்னது என் தப்பு. ஒரு வாரம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், கடைக்காரரே ஆண்டவர் விளக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டிவியைப் போட்டதும் எல்லார் முகமும் ஆரஞ்சாக இருந்தது. "என்னப்பா, எல்லாருக்கும் மஞ்சக்காமாலை மாதிரி இருக்கு" என்றார் அம்மா. கடையில் பளிச்சென்று தெரிவதற்காக அப்படி வைத்து அனுப்புவார்களாம். நிறத்தைக் குறைத்தேன். அப்புறம் இன்னொரு வியாதி, எந்தப் படத்தைப் போட்டாலும் சீரியல் மாதிரி வழுவழுவென்று நகர்ந்தது. அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது, அணைத்தேன். அம்மா சட்டென்று நிமிர்ந்து, "ஆங், இப்பதான் சினிமா" என்றார். வீடியோக்களில் அரை மணி நேரம் விளக்கியதை அம்மா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

தரையில் வைக்கிற பெரிய பேஸ் பெட்டியைத் தெரியாத்தனமாகப் பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கிற சுவரோரம் வைத்துவிட்டேன். பத்தாவது நிமிஷம் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் கேட்டில் நின்றார். அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் கப்பெல்லாம் நடனம் ஆடுகிறதாம். மன்னிப்புக் கேட்டேன். அவர் போகாமல் எட்டிப் பார்த்து, என்ன படம் என்று கேட்டார், உள்ளே வந்து சண்டைக் காட்சி முடியும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு பெட்டியை எதிர் மூலைக்குத் தள்ள அவரே ஒரு கை கொடுத்தார்.

கடைசி வேலை அளவெடுப்பது. எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்து அனுப்புகிற பெட்டிக்கு ரிசீவர் என்று பெயர், அதோடு ஒரு குட்டி மைக் வரும். உட்காருகிற இடத்தில், காது உயரத்தில் அதை நிறுத்த வேண்டும். ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக ஊய், புஸ் என்று கத்தும், ரிசீவர் அதைக் கேட்டு ஹாலுக்குத் தகுந்தபடி தன்னைச் சரிசெய்துகொள்ளும். அந்த நேரம் வீட்டில் ஊசி விழக்கூடாது. மைக்கை அம்மா வழக்கமாக உட்காருகிற சோபா ஓரத்தில் நிறுத்தினேன். ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி, எல்லோரையும் வாயை மூடச் சொன்னேன். மூன்றாவது ஸ்பீக்கரில் பழைய பேப்பர் லோரி வந்துவிட்டது. "பேப்பர் லாமா, பேப்பர் லாமா" என்று ஒலிபெருக்கியில் தெருவையே கூப்பிட்டது. சத்தம் அதிகம் என்று ரிசீவர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தேன், ரொட்டிக்காரர். அடுத்த தடவை எதிர்வீட்டு நாய். அதற்கடுத்து என் மனைவி சோபாவில் அசைந்தாள், சோபாவின் பிளாஸ்டிக் உறை கறக் என்றது. சோபா வந்து நாலு வருஷம் ஆகிறது, கடையில் போட்ட உறை அப்படியே இருக்கிறது, எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அப்படித்தான். நான் கத்தினேன். நான் கத்தியதற்கும் ரிசீவர் கோபித்துக்கொண்டது. ஐந்தாவது தடவை அம்மா செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணை மூடினார், எல்லாம் ஒழுங்காக நடந்து முடிந்தது. அம்மா அதற்கும் ஆண்டவருக்கே நன்றி சொன்னார்.

பிறகு ஒரு காட்சி போட்டுக் கேட்டேன். கதாநாயகி "என்னங்க?" என்றாள். நான் "ம்?" என்று விட்டேன். அவ்வளவு பக்கத்தில் வந்தது குரல். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்போது அம்மா சமையலறைக்குப் போயிருந்தார். கூட்டிவந்து சென்டர் ஸ்பீக்கரைக் காட்டினேன். "அம்மா, மத்ததெல்லாம் எங்களுக்கு. இது மட்டும் உங்களோடது. பேச்சு வர்ற பெட்டி. உங்களுக்குன்னே வாங்குனது." அம்மா குனிந்து, குழந்தையின் தலையைத் தடவுவது போல அதைத் தடவினார். அடுத்த சனிக்கிழமை பூச்சோங்கிலிருந்து தங்கையும் மாப்பிள்ளையும் வரும்போது முதல் படத்தை முறையாகப் போடுவது என்று முடிவானது. அதுவரை யாருக்கும் படம் கிடையாது என்று நானே சட்டம் போட்டேன். விரதம் இருந்து சாப்பிட்டால்தானே ருசி.

நடுவில் திங்கட்கிழமை ஒன்று நடந்தது. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், அம்மா ஈரத் துணியால் அந்த ஸ்பீக்கரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு முன்கோபம், அது ஊருக்கே தெரியும். "ஈரத்துணியாம்மா? தண்ணி உள்ள போனா தொலைஞ்சுது. தூசு படக்கூடாது, தண்ணி படக்கூடாது, தொடவே வேணாம், விடுங்க" என்று ஒரு பாட்டம் கொட்டிவிட்டேன். அம்மா துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். இரவுச் சாப்பாட்டுக்குள் நானும் மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா புடவை மாற்றி, பவுடர் போட்டு, கைப்பையோடு மாடியிலிருந்து இறங்கினார். கைப்பை எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, "சினிமாவுக்குக் கைய வீசிட்டா போவாங்க?" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விளக்கை அணைத்தேன், சிவப்பு பல்பைத் தவிர.

படம் ஓடியது. பத்து நிமிஷத்தில் முதல் நகைச்சுவைக் காட்சி. நாங்கள் சிரித்தோம். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எங்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

அரை மூச்சு தாமதமாக.

"கேக்குதாம்மா?" என்றேன். "நல்லா கேக்குதுப்பா" என்றார். குரலில் இருந்த சமாதானத்திலேயே தெரிந்தது, கேட்கவில்லை. எனக்கும் ஏதோ இடித்தது. மழை பின்னால் பொழிந்தது, கார்கள் காதோரம் பறந்தன, பேச்சு மட்டும் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் வந்து "என்னங்க" என்றவளை இப்போது காணோம். பாதிப் படத்தில் அம்மா எழுந்து, "வடை மாவு புளிச்சிரும்" என்று சமையலறைக்குப் போய்விட்டார். கைப்பை சோபாவிலேயே இருந்தது. அந்தக் கைப்பையைப் பார்த்துக்கொண்டே மீதிப் படத்தைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் அடித்த கூத்து கொஞ்சமல்ல. வயரை மாற்றினேன். நடு ஸ்பீக்கரின் சத்தத்தை ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். முனகல் பெரிய முனகல் ஆனது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் தமிழ் வசனமே மனப்பாடம் ஆகியிருக்கும். மறுபடி மைக்கை நிறுத்தி அளவெடுத்தேன், இந்த முறை எல்லாக் குரலும் ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆனது. ஒவ்வொரு சோதனைக்கும் அம்மாவை உட்காரவைத்து, "இப்ப? இப்ப எப்படி?" என்று பிடுங்குவேன். அம்மா ஒவ்வொரு தடவையும் "இப்ப பரவால்லப்பா" என்பார். ஒரு நாள் பொறுமை இழந்து, "கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்கம்மா" என்றுவிட்டேன். அம்மா தலையை ஆட்டிவிட்டு இன்னும் முன்னால் தள்ளி உட்கார்ந்தார். இதை எழுதும்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கடைசியில் ஸ்பீக்கரே பழுது என்று முடிவு கட்டினேன். சனிக்கிழமை காலை வயரைக் கழற்றி, அலாக்காகத் தூக்கி, காரின் முன் சீட்டில் வைத்து சீட் பெல்ட்டும் போட்டு, சுபாங் ஜெயாவுக்கு ஓட்டினேன். வழியெல்லாம் கடைக்காரரிடம் என்னென்ன கேட்பது என்று ஒத்திகை.

கடைக்காரர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். ஸ்பீக்கரின் முகத்தில் கறுப்புத் துணி போட்ட ஒரு சட்டம் இருக்கும், காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும். அதை இழுத்து எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாஸ்," என்றார், "கெனாப்பா புங்குஸ்?"

புங்குஸ் என்பது நாசி லெமாக்கைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போகும்போது சொல்கிற வார்த்தை. ஏன் பொட்டலம் கட்டினாய் என்று ஒரு மனிதர் என் ஸ்பீக்கரைக் காட்டிக் கேட்கிறார். குனிந்து பார்த்தேன். மீதிக் குழம்பை மூடி ஃபிரிட்ஜில் வைப்போமே, அந்த பிளாஸ்டிக் தாள். மூன்று சுற்று. தபலாவின் தோல் மாதிரி விறைப்பாக, ஒரு சுருக்கம் இல்லாமல். ஓரமெல்லாம் மடித்து டேப் ஒட்டி, பின்பக்கம் வயர் போகிற இடத்தில் மட்டும் அளவாக வெட்டி விட்டிருந்தது. வயரை மாற்றும்போது என் கையில் வழுக்கியதுதான், எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் இருக்கிற கடை உறை என்று நினைத்து விட்டிருந்தேன். மூலைகளை உறை மடிப்பது போல உள்ளுக்குள் செருகியிருந்த விதத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கிறிஸ்மஸுக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கிற கேக்கை அம்மா இப்படித்தான் சுற்றுவார்.

கடைக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் அம்மா வீட்டு ரிமோட்டும் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது என்றார். கத்தரிக்கோலை எடுத்தார். "வேணாம் பாஸ்" என்று தடுத்தேன். அப்போது என் எண்ணம் நல்லதல்ல. சாட்சிப் பொருள், கலைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மா முன்னால் வைத்துக் கேட்க வேண்டும் என்றிருந்தேன்.

திரும்பும் வழியில் ஒத்திகை மாறியது. மூன்று வாரம், எத்தனை வயர், எத்தனை அளவெடுப்பு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று ஆரம்பித்தேன். ஷா ஆலம் தாண்டும்போது வாய் தானாக நின்றுவிட்டது. தூசு படக்கூடாது, தண்ணீர் படக்கூடாது என்று கத்தியது யார்? அதற்கு முன்னால், இது உங்களுடையது என்று சொன்னது யார்? அம்மாவுக்கென்று இந்த வீட்டில் வந்த விலையுயர்ந்த பொருள்கள் இரண்டுதான். ஒன்றைப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தார். இதைத் தூக்கிக்கொண்டுபோய் அலமாரியில் வைக்க முடியாது, அதனால் இருந்த இடத்திலேயே பத்திரப்படுத்தியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதே சமயம் வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த பொட்டலத்தைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு. சிக்னலில் பக்கத்து மோட்டார்சைக்கிள்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வீட்டில் அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரை மேசை மேல் வைத்தேன். துணிச் சட்டம் இல்லாமல், பளபளவென்று.

"ஏன் மூடியத் தொறந்த?" என்றார் அம்மா.

"நீங்க ஏம்மா மூடுனீங்க?"

"நீதானே தூசு படக்கூடாதுன்ன."

"இப்படி மூடுனா பேச்சு எப்படிம்மா வெளிய வரும்?"

அம்மா நெத்திலியைக் கீழே வைத்தார். பிளாஸ்டிக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பின்னாடி வயரு போவுதே, அதுக்குதான் வெட்டி விட்டேனே" என்றார். சொல்லிக்கொண்டு வரும்போதே அவர் முகம் மாறியது. "அப்ப... எனக்குக் காது அவ்வளவு மோசமா போகலயா?"

நான் சிரிக்கவில்லை. மூன்று வாரமாக அம்மா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், இவ்வளவு நல்ல பெட்டியிலும் கேட்கவில்லை என்றால் இனி எதிலும் கேட்காது என்று. "பரவால்ல, பரவால்ல" என்று எனக்குத்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.  "மன்னிச்சிருங்கம்மா" என்றேன். "எதுக்கு?" என்றார். பதில் நீளம், அதனால் சொல்லவில்லை.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அம்மாவே டேப்பைப் பிரித்தார். மூன்று சுற்றையும் கிழியாமல் உரித்து, நீவி மடித்து, இன்னொன்றுக்கு ஆகும் என்று எடுத்து வைத்தார். நான் ஸ்பீக்கரை அதன் இடத்தில் மாட்டி, மைக்கை நிறுத்தி அளவெடுத்தேன். ஆச்சரியம், எந்த லோரியும் வரவில்லை. ஆனால் கடைசி ஸ்பீக்கரில் சோபா மறுபடி கறக் என்றது.

மனைவி எழுந்தாள். சமையலறைக்குப் போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. சோபாவின் முதுகில் ஆரம்பித்து ஒரே இழுப்பில் உறையைக் கிழித்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு சோபாவின் நிறத்தைப் பார்த்தோம். நான் அதைச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது நீலம். "ஐயோ, புது சோபா" என்று அம்மா வாயில் கை வைத்தார். மனைவி நிற்கவில்லை. ரிமோட், மேசை விரிப்பு, விளக்கின் தொப்பி. நான் வெளியே ஓடிப்போய்க் காரின் பின் சீட்டை உரித்தேன். உள்ளே வந்தால் அம்மா ஒரு நாற்காலியின் காலைப் பிடித்து நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார். மூன்று பேருக்கும் மூச்சு வாங்கச் சிரிப்பு. ஹால் நடுவில் இடுப்பளவு பிளாஸ்டிக் குவிந்துவிட்டது. மனைவி நாற்காலி மேல் ஏறி ஆண்டவர் படத்தின் பக்கம் கத்தரிக்கோலை நீட்டினாள். அந்தச் சட்டத்திலும் கடையில் ஒட்டிய தாள் அப்படியேதான் இருந்தது.

"அவர விட்ரு" என்றார் அம்மா. விட்டாள்.

அதற்குப் பிறகு அம்மா மாடிக்குப் போனார். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. வரும்போது, பட்டுப்புடவைக்கு அடியில் வைத்த அந்தப் பை கையில் இருந்தது. பையைக் குவியலில் போட்டார், பெட்டியைத் திறந்தார், "இதையும் எப்படிப் போடுறதுன்னு ஒருக்கா காட்டுய்யா" என்றார்.

சாயங்காலம் தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். புது சோபாவா என்று தங்கை கேட்டாள். அம்மா பவுடர், புடவை, கைப்பையோடு இறங்கினார், காதில் கருவி. உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். "ஏன் இப்படி அலற விடுற? பக்கத்து வீட்டுல என்ன நெனப்பாங்க லா." குறைத்தேன். இன்னும் குறைக்கச் சொன்னார், இன்னும் குறைத்தேன். என் வாழ்க்கையில் ஒரு கட்டளையை அவ்வளவு சந்தோஷமாக நிறைவேற்றியதில்லை.

அதே படத்தை முதலிலிருந்து போட்டோம், முன்பு பாதியில் விட்டாரே. பத்தாவது நிமிஷம் அந்த நகைச்சுவைக் காட்சி தாண்டியது. அப்போது அம்மா சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. அரை மணி நேரம் போயிருக்கும். முன்பு நாங்கள் யாருமே சிரிக்காத ஒரு இடம். நகைச்சுவைக்காரர் திரும்பிப் போகிற போக்கில் வாய்க்குள்ளேயே என்னவோ முனகினார். அம்மா திடீரென்று, உடம்பு குலுங்க, கைப்பை மடியிலிருந்து விழச் சிரித்தார். தனியாக. எங்களுக்கெல்லாம் முன்னால். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல்.

நாங்கள் நாலு பேரும் திரையை விட்டுவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். மாப்பிள்ளைதான் பொறுக்க மாட்டாமல் கேட்டார், "அவன் என்ன சொன்னான் மாமி?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விரலை உதட்டில் வைத்தார்.

"உஷ். படத்தப் பாருங்க."